81-வது பிள்ளைக்கு என்ன பதில்?

ஒரு பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்பில் 80 இடம். பரீட்சை எழுதிய பிள்ளைகளோ ஆயிரக்கணக்கில்!

80 பேர் உள்ளே போகிறார்கள். 81-வது பிள்ளை வாசலில் நிற்கிறது.

80-வது பிள்ளைக்கும் 81-வது பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்? ஒரே ஒரு கேள்வியாக இருக்கலாம். அதுகூட இல்லாமல் இருவரும் ஒரே மார்க்கு வாங்கியிருக்கலாம். ஆனால் ஒருவருக்கு 7 ஆண்டுப் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் கிடைக்கிறது. இன்னொருவருக்குக் கிடைப்பது, "உங்கள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறது" என்ற ஒரு வரிதான்.

இந்தத் தேர்வு நியாயமாக நடக்கிறதா? காத்திருப்போர் பட்டியல் என்றால் என்ன? அதில் யாருக்கு முதலில் இடம்? பிள்ளை பெற்ற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. திருத்தணிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இன்னும் அதிகமாகவே தெரிய வேண்டும். ஏன்?

ஒரு கோடு, இரண்டு வாசல்

அரக்கோணத்தில் ரெயில் ஏறினால் அடுத்து வரும் பெரிய ஊர் திருத்தணி. அதற்கு அப்பால் ஏகாம்பரகுப்பம், புத்தூர், ரேணிகுண்டா. திருத்தணியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. ஆந்திரா தொடங்கிவிடுகிறது.

அந்தப் பக்கம் நகரியில் தறி ஓடுகிறது. இந்தப் பக்கம் பொதட்டூர்பேட்டையிலும் பள்ளிப்பட்டிலும் தறி ஓடுகிறது. இரு பக்கமும் தமிழும் தெலுங்கும் பேசுகிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். ஆடிக் கிருத்திகைக்கு இரு பக்கத்தாரும் காவடி எடுத்து முருகன் மலைக்கு வருகிறார்கள்.

திருத்தணியே ஒரு காலத்தில் ஆந்திராவில் இருந்த ஊர்தான். 1953-ம் ஆண்டு ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு சேர்ந்து திருத்தணியும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சிவஞானம் முதலியோர் கிளர்ச்சி செய்தார்கள். பிறகு பேச்சு வார்த்தை நடந்து, 1959-ல் சட்டம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது.

அந்தக் கோடு நிலத்தை மட்டும் பிரிக்கவில்லை. இன்று பள்ளிக்கூட வாசலையும் பிரிக்கிறது.

அண்ணன் குடும்பம் நகரியில், தம்பி குடும்பம் திருத்தணியில் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் 10 வயதில் ஒரு பிள்ளை. நகரிப் பிள்ளை நவோதயாப் பள்ளிக்குப் பரீட்சை எழுதலாம். திருத்தணிப் பிள்ளை எழுத முடியாது. திருத்தணிப் பிள்ளை தமிழக அரசின் மாதிரிப் பள்ளிக்குப் போகலாம். நகரிப் பிள்ளை போக முடியாது.

பிள்ளைகளின் மூளையில் வேற்றுமை இல்லை. வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதுதான் வேற்றுமை.

நவோதயா என்றால் என்ன?

கிராமத்தில் பிறந்த கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் வேண்டும் என்று மத்திய சர்க்கார் ஏற்படுத்தியவை ஜவகர் நவோதயா வித்யாலயங்கள். 1985-86-ல் அரியானாவில் ஒன்று, மராட்டியத்தில் ஒன்று என 2 பள்ளிகளோடு தொடங்கியது. இன்று நாடெங்கும் 650-க்கும் மேல் இருக்கின்றன. ஜில்லாவுக்கு ஒன்று என்பது திட்டம். பழைய சித்தூர் ஜில்லாவுக்கான பள்ளி மதனப்பள்ளி அருகே இருக்கிறது.

பிள்ளைகள் அங்கேயே தங்கி, 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படிக்கிறார்கள். இங்கே படித்த பலர் ஐ.ஐ.டி.க்கும் மருத்துவக் கல்லூரிக்கும் போயிருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை போட்டி.

தமிழ்நாட்டில் நவோதயாப் பள்ளி இல்லை. மொழிக் கொள்கையே காரணம். அந்தப் பள்ளிகளில் இந்தியும் ஒரு பாடம். தமிழ்நாட்டில் தமிழ், ஆங்கிலம் என இரு மொழிதான். "இந்தியைத் திணிக்கும் வழி இது" என்பது ஒரு கட்சி. "ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கும் இடத்தைத் தடுக்கலாமா?" என்பது எதிர்க்கட்சி. இந்த வழக்கு 2017-ல் ஐகோர்ட்டின் மதுரைக் கிளைக்குப் போயிற்று. அங்கிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. பக்கத்தில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் நவோதயா உண்டு.

80 இடத்தைப் பங்கு போடுவது எப்படி?

5-ம் வகுப்புப் படிக்கும்போது பரீட்சை. நேரம் 2 மணி. கேள்விகள் 80. மொத்த மார்க்கு 100. அதில் பாதி, அதாவது 50 மார்க்கு, படங்களைப் பார்த்து யோசித்துச் சொல்லும் கேள்விகளுக்கு. கணக்குக்கு 25. மொழிக்கு 25. ஒரு பிள்ளை வாழ்நாளில் ஒரே தடவைதான் இந்தப் பரீட்சையை எழுதலாம்.

அதிக மார்க்கு வாங்கிய 80 பேரை வரிசையாக எடுத்துக்கொண்டால் போதாதா? போதாது. அப்படிச் செய்தால் பட்டணத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் உள்ளே வருவார்கள். தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டக்கூடிய வீட்டுப் பிள்ளைகளே வருவார்கள். பள்ளிக்கூடம் யாருக்காகக் கட்டப்பட்டதோ, அவர்களே வெளியே நிற்பார்கள்.

அதனால் விதிகள் வைத்தார்கள். 100 இடத்தில் 75 இடமாவது கிராமத்துப் பிள்ளைகளுக்கு. 3, 4, 5 ஆகிய 3 வகுப்பையும் கிராமத்துப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். மொத்தத்தில் 3-ல் 1 பங்காவது பெண் பிள்ளைகளுக்கு. ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் ஜில்லாவில் அவர்கள் தொகையைப் பார்த்து இடம். பிற்படுத்தப்பட்டோருக்கு 100-க்கு 27. உடல் ஊனமுற்ற பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு.

ஆக, பட்டியல் ஒன்று அல்ல. பல பட்டியல்களைப் பின்னிச் செய்த ஒரு பட்டியல்.

காத்திருப்போர் பட்டியலின் கணக்கு

இங்கேதான் பெற்றோர் பலர் குழம்பிப் போகிறார்கள். "என் பிள்ளை வாங்கியது அதிக மார்க்கு. பக்கத்து வீட்டுப் பெண் வாங்கியது குறைவு. அவளுக்கு அழைப்பு வந்துவிட்டது. என் பிள்ளைக்கு வரவில்லை. இது என்ன அநியாயம்?"

அநியாயமாக இருக்க வேண்டும் என்பதில்லை. கணக்கைப் பாருங்கள்.

தேர்வான 80 பேரில் எல்லாரும் சேர்வதில்லை. சிலர் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள். சிலருக்குப் பிள்ளையைப் பிரிந்திருக்க மனம் வராது. சிலருடைய சான்றிதழ் செல்லாது என்று ஆகிவிடும். அப்படி ஓர் இடம் காலியானால், அது எந்தப் பிரிவின் இடம் என்று பார்ப்பார்கள். கிராமத்துப் பெண் பிள்ளையின் இடம் காலியானால், அந்தப் பிரிவில் காத்திருக்கும் அடுத்த பெண் பிள்ளைக்குத்தான் அது போகும். பட்டணத்துப் பையனுக்குப் போகாது. அவன் மார்க்கு அதிகமாக இருந்தாலும் போகாது.

ரெயிலில் காத்திருப்போர் பட்டியல் இருக்கிறதே, அதைப் போலத்தான். படுக்கும் வசதிப் பெட்டியில் இடம் காலியானால், குளிர்சாதனப் பெட்டிக்குக் காத்திருப்பவருக்கு அது கிடைக்காது. வரிசை வேறு, வரிசை வேறு.

ஆனால் ரெயிலில் ஒரு நல்ல குணம் உண்டு. உங்கள் எண் என்ன என்று உங்களுக்குத் தெரியும். நேற்று 14, இன்று 9. எவரும் பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட வரிசையும் அப்படி இருக்க வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை இடம் காலி, அடுத்து யார் என்பதை எல்லாரும் பார்க்கும்படி ஒட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும். மூடி வைத்தால், நியாயமாக நடந்த காரியத்தின் மீதுகூட ஊரார் சந்தேகப்படுவார்கள்.

பின்வாசல்

மூடி வைத்த பட்டியலால் இன்னொரு ஆபத்தும் உண்டு. "பெரிய இடத்தில் எனக்கு ஆள் தெரியும். பணம் கொடுத்தால் உங்கள் பிள்ளையை மேலே ஏற்றிவிடுகிறேன்" என்று சொல்கிறவன் வருவான். பட்டியலை நகர்த்த அவனால் முடியாது. ஆனால் அவனுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. இடம் தானாகக் கிடைத்தால், "என்னால்தான்" என்பான். கிடைக்காவிட்டால் ஊரை விட்டுப் போய்விடுவான்.

சட்டப்படி திறந்து வைத்த பக்கவாசலும் இருந்தது. அரக்கோணத்தில் உள்ளதைப் போன்ற கேந்திரிய வித்யாலயாப் பள்ளிகள் நாடு முழுவதும் இருக்கின்றன. மத்திய சர்க்கார் ஊழியரின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டவை. இந்தப் பள்ளிகளில் ஒவ்வொரு பாராளுமன்ற உறுப்பினரும் ஆண்டுக்கு 10 பிள்ளைகளைச் சிபாரிசு செய்யலாம் என்று ஒரு விதி இருந்தது.

கேட்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். கொடுக்கக்கூடியது 10. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்கள் பகை! உறுப்பினர்களிலேயே சிலர், "இந்த 10 போதாது, அதிகமாக்குங்கள். இல்லையென்றால் எடுத்தே விடுங்கள்" என்று சபையில் பேசினார்கள். 2022-ல் அந்தச் சிபாரிசு முறை எடுக்கப்பட்டது.

படியேறி வந்தவரும் காரில் வந்தவரும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது கணக்கு. டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து, பாட்டுப் பாடி ஏறுவார்கள். மலை உச்சி வரை கார் போகும் சாலையும் இருக்கிறது.

படியேறி வந்தவரும் காரில் வந்தவரும் உச்சியில் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். இருவரின் களைப்பும் ஒன்றாகுமா?

பரீட்சை மார்க்கும் அப்படித்தான். ஆசிரியர் குறைவான பள்ளியில், தறிச் சத்தத்துக்கு நடுவில் படித்து 85 வாங்கிய பிள்ளை ஒன்று. தனிப் பயிற்சி வைத்து 88 வாங்கிய பிள்ளை ஒன்று. இருவரில் எவருக்கு அதிகத் திறமை? மார்க்கு மட்டும் அதைச் சொல்லிவிடாது.

இதற்கு ஆந்திரா ஒரு வழி கண்டது. 2008-ல் ராஜீவ்காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். 10-ம் வகுப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகள் நேராக அங்கே சேரலாம். முதல் 2 ஆண்டு மேல்நிலைப் படிப்பு. அடுத்த 4 ஆண்டு என்ஜினீயர் படிப்பு. நூஜிவீடு, கடப்பைப் பக்கம் இடுபுலபாயா என்று பல இடங்களில் வளாகங்கள் உண்டு.

இங்கே சேர்க்கை 10-ம் வகுப்பு மார்க்கைக் கொண்டு நடக்கிறது. ஆனால் அந்த மார்க்கை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. விடுதி வசதி இல்லாத சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 100-க்கு 4 என்ற கணக்கில் கூட்டிக்கொள்கிறார்கள். "வசதிக் குறைவுக்கு ஈடு" என்பது அதன் பொருள். இது இரக்கப்பட்டுக் கொடுத்தது அல்ல. ஏறிய படிகளுக்குக் கொடுத்த கணக்கு.

தமிழ்நாடு வேறு வழியில் போயிற்று. "நீட்" பரீட்சை வந்த பிறகு, சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரியில் சேருவது அருகிப் போயிற்று. 2020-ல், 6-ம் வகுப்பு முதல் 12 வரை சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 100-க்கு ஏழரை இடம் என்று சட்டம் செய்தார்கள். முதல் ஆண்டிலேயே 300-க்கும் மேற்பட்ட இடங்கள் அந்தப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டன. 2021-ல் என்ஜினீயர் படிப்பு முதலியவற்றுக்கும் இது வந்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2022-ல் சென்னை ஐகோர்ட்டு சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. 5 ஆண்டில் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னது.

சென்னை ராஜ்யத்தில் பிறந்த வழக்கு

இந்தச் சண்டை இன்று நேற்று வந்தது அல்ல. சுதந்திர இந்தியாவில் இதன் முதல் பெரிய வழக்கு சென்னையில்தான் பிறந்தது.

அந்த நாளில் சென்னை ராஜ்யத்தில் மருத்துவம், என்ஜினீயர் கல்லூரிகளில் 14 இடத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. பிராமணர் அல்லாத இந்துக்கள் 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்கள் 2, பிராமணர் 2, ஆதிதிராவிடர் 2, ஆங்கிலோ-இந்தியரும் கிறிஸ்தவரும் 1, முஸ்லிம் 1. இதற்கு வகுப்புவாரி உத்தரவு என்று பெயர்.

செண்பகம் துரைராஜன் என்ற பெண் மருத்துவப் படிப்புக்காகவும், சீனிவாசன் என்ற இளைஞர் என்ஜினீயர் படிப்புக்காகவும் வழக்குப் போட்டார்கள். 1951 ஏப்ரல் 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவு செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி எழுந்தது. இரண்டே மாதத்தில், ஜூன் மாதம், இந்திய அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. பின்தங்கிய மக்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்பது அன்று சட்டத்தில் ஏறியது.

பள்ளி, கல்லூரி இடம் யாருக்கு என்ற கேள்வி, நாட்டின் சட்டத்தையே மாற்றும் அளவுக்குப் பெரிது!

இலங்கை தந்த பாடம்

விதி வைப்பது நல்லது. ஆனால் எந்த விதியும் நல்லதா? இலங்கையைப் பாருங்கள்.

அங்கே 1971-ல் பல்கலைக்கழகச் சேர்க்கையில், சிங்களத்தில் எழுதியவருக்கு ஒரு மார்க்கு, தமிழில் எழுதியவருக்கு ஒரு மார்க்கு என்று வைத்தார்கள். மருத்துவத்தில் சேர சிங்கள மொழிப் பிள்ளைக்கு 229 போதும். தமிழ் மொழிப் பிள்ளைக்கு 250 வேண்டும். என்ஜினீயர் படிப்புக்கு அவர்களுக்கு 227, இவர்களுக்கு 250.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மனம் உடைந்தார்கள். வீட்டின் வறுமையைப் பார்த்து விதி வைத்திருந்தால் பொறுத்திருப்பார்கள். ஊரில் பள்ளி இல்லாததைப் பார்த்து வைத்திருந்தாலும் பொறுத்திருப்பார்கள். பேசும் மொழியைப் பார்த்து வைத்ததை அவர்களால் பொறுக்க முடியவில்லை. அந்தக் காயம் பிறகு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது உலகம் அறிந்த கதை.

பின்னால் மொழிக் கணக்குப் போய், மாவட்டக் கணக்கு வந்தது. இன்று அங்கே ஒரு பகுதி இடம் மார்க்கைப் பார்த்து. ஒரு பகுதி மாவட்டத்தின் மக்கள் தொகையைப் பார்த்து. ஒரு சிறு பகுதி பின்தங்கிய மாவட்டங்களுக்கு.

அமெரிக்காவிலும் இதே சண்டை

பணக்கார நாட்டில் இந்தத் தொல்லை இராது என்று நினைக்க வேண்டாம். வாஷிங்டன் நகருக்குப் பக்கத்தில், வர்ஜீனியா ராஜ்யத்தில், தாமஸ் ஜெபர்சன் உயர்நிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. விஞ்ஞானத்துக்கும் கணக்குக்கும் பெயர் போன சர்க்கார் பள்ளி. அந்த வட்டாரத்தில் குடியேறிய இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்கு, பிள்ளையை அங்கே சேர்ப்பது ஒரு கனவு.

முன்பு கடுமையான பரீட்சை இருந்தது. அதற்கு 100 டாலர் கட்டணம். ஏழைப் பிள்ளைகள் 100-க்கு ஒருவர்கூட உள்ளே வரவில்லை. 2020-ல் பரீட்சையையும் கட்டணத்தையும் எடுத்தார்கள். வட்டாரத்தின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் சில இடங்களை ஒதுக்கினார்கள். அடுத்த வகுப்பில் ஏழைப் பிள்ளைகள் 100-க்கு 25 ஆனார்கள். ஆசியப் பிள்ளைகள் 73-லிருந்து 54 ஆகக் குறைந்தார்கள்.

"எங்கள் பிள்ளைகளைக் குறைக்கவே இப்படிச் செய்தார்கள்" என்று பெற்றோர் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். முதல் கோர்ட்டில் அவர்கள் ஜெயித்தார்கள். 2023-ல் மேல் கோர்ட்டில் தோற்றார்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. அதன் பிறகும் வாதம் ஓயவில்லை.

நியூயார்க் நகரத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே சில பெயர் பெற்ற விஞ்ஞானப் பள்ளிகளுக்கு ஒரே ஒரு பரீட்சைதான் வழி என்று 1971-ல் சட்டமே செய்து வைத்திருக்கிறார்கள்.

மார்க்கும் ஒன்றானால்?

எல்லாம் சமம். மார்க்கும் சமம். பிரிவும் சமம். அப்போது?

தமிழ்நாட்டில் என்ஜினீயர் கல்லூரிச் சேர்க்கையில் இதற்கு விடை வைத்திருக்கிறார்கள். முதலில் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்கள். பிறகு மற்றப் பாடங்கள். பிறகு யார் வயதில் மூத்தவர் என்று பார்ப்பார்கள். அதுவும் ஒன்றானால், ஒவ்வொருவருக்கும் முன்பே யந்திரம் கொடுத்த குலுக்கல் எண்ணைப் பார்ப்பார்கள்.

"படிப்பில் குலுக்கலா?" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்க வேண்டாம். இருவர் எல்லா வகையிலும் சமம் என்றால், யார் பெரியவர் என்று மனிதன் முடிவு செய்வதைவிடக் குலுக்கல் மேல். குலுக்கலுக்கு மாமன் மச்சான் கிடையாது.

திருத்தணிப் பிள்ளைக்கு என்ன வழி?

தமிழ்நாட்டில் 2021-22 முதல் அரசு மாதிரிப் பள்ளிகள் வந்தன. முதலில் 10 ஜில்லாவில் தொடங்கி, பிறகு 38 ஜில்லாவுக்கும் விரிந்தன. திருத்தணி சேர்ந்திருக்கும் திருவள்ளூர் ஜில்லாவிலும் உண்டு. சர்க்கார் பள்ளியில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, தங்க வைத்து, பெரிய கல்லூரிகளின் நுழைவுப் பரீட்சைக்கும் தயார் செய்கிறார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் கல்வி தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகளை எடுத்துவிட்டால், மிச்சம் இருக்கும் வகுப்புக்கு யார் ஒளி? அந்த வகுப்புக்கும் நல்ல ஆசிரியரும் சோதனைச்சாலையும் கொடுத்தால்தான் இந்தத் திட்டம் முழுமையாகும்.

திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வசதியான வீட்டுப் பிள்ளை அல்ல. திருத்தணி, திருப்பதி, வேலூர், சென்னை என்று ஊர் ஊராகப் போய்ப் படித்தார். உபகாரச் சம்பளம் அவருக்குக் கை கொடுத்தது. 1962-ல் நாட்டின் ஜனாதிபதி ஆனார். உதவி கிடைத்த ஒரு பிள்ளையை நாடு அறியும். கிடைக்காமல் போன பிள்ளைகளை யார் அறிவார்?

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிள்ளையை இப்படிப்பட்ட பள்ளிக்கு அனுப்ப நினைப்பவர்கள் சில விஷயங்களை மனத்தில் வைக்க வேண்டும்.

மனுப் போடும் முன் விதிகளை முழுவதும் படியுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். எந்தப் பிரிவில் மனுப் போடுகிறோம் என்பது மிக முக்கியம்.

இருப்பிடம், சாதி, படித்த பள்ளி ஆகியவற்றின் சான்றிதழ்களை முன்பே வாங்கி வையுங்கள். இடம் கிடைத்த பிறகு காகிதம் இல்லாமல் அதை இழந்தவர்கள் உண்டு.

மனுவில் கொடுத்த டெலிபோன் எண்ணை மாற்றாதீர்கள். காத்திருப்போர் பட்டியலிலிருந்து அழைப்பு வந்தால், சேருவதற்குச் சில நாட்களே அவகாசம் இருக்கும்.

பணம் கேட்கும் தரகனை நம்பாதீர்கள். பட்டியலில் சந்தேகம் இருந்தால், 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

6-ம் வகுப்பில் இடம் கிடைக்காத பிள்ளைக்கு எல்லாம் முடிந்துவிடவில்லை. நவோதயாவில் 9-ம் வகுப்பிலும் காலியிடங்களுக்குப் பரீட்சை வைக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையைத் திட்டாதீர்கள். 10 வயதுப் பிள்ளை 2 மணி நேரத்தில் எழுதியதைக் கொண்டு, அதன் அறிவை அளந்துவிட முடியாது. "நீ தோற்றுவிட்டாய்" என்று வீடே சொன்னால், அந்தப் பிள்ளை அதை நம்பிவிடும்.

81-வது பிள்ளைக்குப் பதில்

பரீட்சையால் தேர்ந்தாலும், பிரிவு பார்த்துத் தேர்ந்தாலும், குலுக்கிப் போட்டாலும், 80 இடம் 81 ஆகாது. யாரோ ஒரு பிள்ளை வாசலில் நிற்கத்தான் செய்யும்.

அந்தப் பிள்ளைக்கு நேர்மையாக இரண்டு பதில் சொல்ல முடிய வேண்டும். "விதி இதுதான் என்று உனக்கு முன்பே சொன்னோம், அதை யாருக்காகவும் மாற்றவில்லை. பட்டியல் இதோ இருக்கிறது, நீயே பார்த்துக்கொள்" என்பது ஒன்று. "இந்த இடம் கிடைக்காவிட்டாலும், உன் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே நீ நன்றாகப் படிக்கலாம்" என்பது மற்றொன்று.

முதல் பதிலைச் சொல்ல நேர்மையான அதிகாரிகள் போதும். இரண்டாவது பதிலைச் சொல்ல ஒவ்வொரு ஊர்ப் பள்ளியிலும் நல்ல ஆசிரியர் வேண்டும், புத்தகம் வேண்டும், சோதனைச்சாலை வேண்டும். நகரியில் இருந்தாலும், திருத்தணியில் இருந்தாலும், அந்தப் பிள்ளைக்குச் சேர வேண்டிய பாக்கி அது.